பார்ட்னர் இல்லை என்று நான் சொன்னதன் விளக்கம்

லூயிஷாம், இலண்டன்
ஒக்ரோபர் 2009

அன்பும் மரியாதையும் நிறைந்த மெற்றில்டா அக்காவுக்கு,

மடு மாதாவின் கிருபையால் இங்கே நானும் பெர்னடெற்றும் ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். ஸ்காபரோவில் நீங்களும் அத்தானும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று மன்றாடுகிறேன். இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுத்து, "இருபத்தெட்டு வருசம் உன்னோட குடும்பம் நடத்தின பெட்டையை, இல்லையெண்டு அரசாங்கத்துக்குச் சொல்லிப்போட்டியாமே" என்று அழுதீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் போன் கார்ட் முடிந்து லைன் அறுந்துவிட்டது. செய்தியைக் கனடாவுக்கு அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் பூசைக்கு முன்வரிசையில் இருப்பவர் என்பதால் பெயர் எழுதவில்லை. ஆனால் அவர் உங்களுக்குச் சொன்னது பாதிக் கதை. மீதியை நானே எழுதுகிறேன்.

நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலை தை மாதம் மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு ஆறு மாதம், இரண்டு கிழமைக்கு ஒருக்கால், வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் காசு தரும் பெனிபிட் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்தால் காசு வந்தது. வீட்டைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளத்தில் இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் வெட்டினார்களே, அதற்குரிய காசு அது. பெண்சாதி வேலைக்குப் போனாலும் சரி, பாங்கில் ஏதும் கிடந்தாலும் சரி, நான் கட்டினேன், எனக்குத் தந்தார்கள். தலை நிமிர்ந்து போய் வந்தேன். ஆறு மாதம் முடிந்ததும் சட்டம் வேறு. அதற்குப் பிறகு தருவது நாங்கள் கட்டியதற்காக அல்ல, எங்களிடம் ஒன்றுமில்லை என்பதற்காக. ஒன்றுமில்லை என்பதை அவர்கள் நம்ப வேண்டும், அதற்கு ஒரு விசாரணை. அதற்கு மீன்ஸ் டெஸ்ட் என்று பெயர் என்று பக்கத்துத் தெரு சந்திரகுமார் சொன்னபோது, பேசாலைக் கடற்கரையில் பிறந்தவனுக்கு மீன் டெஸ்டில் என்ன பயம் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்போடு, ஒருவரையும் துணைக்குக் கூட்டிக்கொள்ளாமல், பெர்னடெற் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் தனியே கந்தோருக்குப் போனேன்.

என்னை விசாரித்தது எங்கள் மகளின் வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நல்ல பிள்ளை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சேமிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். மகளின் கலியாணத்தோடு அது சுத்தமாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். பிறகுதான், உங்களுக்குப் பார்ட்னர் இருக்கிறாரா என்று கேட்டாள். அக்கா, நீங்களே சொல்லுங்கள், பார்ட்னர் என்றால் எங்கள் ஆட்களுக்கு யார்? கடையில் பங்காளி. பெர்னடெற்றும் பிள்ளைகளும் கொழும்பில் இருந்த காலத்தில் நானும் யோகேஸ்வரனும் லூயிஷாமில் பலசரக்குக் கடை வைத்திருந்ததும், சண்டை பிடித்துப் பிரிந்ததும் உங்களுக்குத் தெரிந்த கதை. கடைக் கணக்கைத்தான் தோண்டுகிறாள் என்று நினைத்து, இப்போது இல்லை, முன்பு ஒருவர் இருந்தார், அவர் என்னை விட்டுப் போய்க் கனகாலம் என்றேன். 'ஆணா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டு, உடனே முகத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டாள். ஒரே வீட்டிலா இருந்தீர்கள் என்றாள். கடைக்கு மேலே ஒரே அறையில் ஆறு வருடம் என்றேன். ஏன் பிரிந்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சைவம், நான் கருவாடு, அந்த மணத்தை அவரால் தாங்க ஏலவில்லை என்றேன். மகளுக்கு அவரைப் பிடிக்குமா என்றாள். நன்றாகப் பிடிக்கும், போனில் மாமா மாமா என்று கதைப்பாள், பிரிந்தபோது அவள்தான் அதிகம் அழுதாள் என்றேன். இப்போது வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டபோது எனக்கு உண்மையாகவே பழைய கோபம் வந்துவிட்டது. ஃப்ரீசரையும் தூக்கிக்கொண்டு போன மனிதனுக்குப் பிறகு யாரை நம்புவது, இனி ஒருவரோடும் சேர மாட்டேன் என்று சொன்னேன். அவள் எழுந்து போய் எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். தனி ஆள் என்று பதிந்து, கையெழுத்து வாங்கி, தைரியமாக இருங்கள் என்று வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனாள். இந்த நாட்டில் பங்காளியை இழந்தவனுக்கு இவ்வளவு இரக்கமா என்று நான் பஸ்ஸில் நெகிழ்ந்துபோய் வந்தேன்.

காசும் ஒழுங்காக வந்தது. தொல்லை வந்தது, விவரங்களைச் சரிபார்க்க ஒரு அதிகாரி வீட்டுக் கதவைத் தட்டிய அன்று. நான் கடைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது பெர்னடெற். தனியாக வசிக்கும் பஸ்தியாம்பிள்ளை என்பவர் இருக்கிறாரா என்று அவர் கேட்டிருக்கிறார். தனியாக வசிப்பவரின் சட்டைகளை இருபத்தெட்டு வருடமாகத் தோய்ப்பவள் நான்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான் பாணும் பாலும் வாங்கிக்கொண்டு வந்தபோது அதிகாரி போய்விட்டார். பெர்னடெற் வரவேற்பறையில் கைகட்டிக்கொண்டு இருந்தாள். விளக்கம் சொன்னேன். பார்ட்னர் என்றால் பெண்சாதியும்தான் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும் என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. மத்தியானம் அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. போய்ப் பார்த்தால் சட்டிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"இல்லாத மனுசி எப்பிடிச் சமைக்கிறது? உங்கட கந்தோரில போய்ச் சாப்பிடுங்கோ" என்றாள்.

அன்றைக்குத் தொடங்கினேன் அக்கா, சமையல். முதல் நாள் சோறு களியாகியது, இரண்டாம் நாள் பருப்பு கரியாகியது. அவள் ஒன்றும் பேசாமல் தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவாள். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை, கால் நோவோடு வருவாள், வந்து பேசாமல் படுப்பாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இதற்கிடையில் கந்தோரிலிருந்து வேறு கூப்பிட்டிருந்தார்கள். மனைவியை மறைத்துக் காசு எடுத்ததாகச் சந்தேகம், வந்து பதில் சொல் என்று. வழக்கு வரும், சிறை வரும் என்று ஆளுக்கொரு மாதிரிச் சொன்னார்கள். சந்திரகுமார், பேசாமல் கொஞ்ச நாளைக்கு மனுசியைச் சட்டனில் இருக்கிற அவளுடைய தங்கச்சி வீட்டில் விட்டுவிடு, சொன்னது உண்மையாகிவிடும் என்று யோசனை சொன்னான். பெர்னடெற் கேட்டுக்கொண்டு நிற்கும்போதே சொன்னான். அவனை நான் வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் அவள் முதல் முறையாக, "உப்புக் காணாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது.

யோகேஸ்வரன் வந்து சொன்னால்தான் கந்தோர் நம்பும் என்று தெரிந்தது. பிரிந்து பதின்மூன்று வருடத்தில் அவனோடு ஒரு சொல் பேசியதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மனோர் பார்க் முருகன் கோவில் வாசலில் போய் நின்றேன். பூசை முடிந்து அவன் வெளியே வந்தான். தலை நரைத்துவிட்டது, நடை மட்டும் அதே நடை. என்னைக் கண்டு நின்றான். நான் வணக்கம்கூடச் சொல்லாமல், உன்னை என் பெண்சாதி என்று அரசாங்கம் நினைக்கிறது, நீ வந்து இல்லையென்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லி முடித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப நான்தான் உன்னை விட்டிட்டுப் போனனான் எண்டு சொன்னனியோ? கருவாட்டைக் கொண்டுவந்து கற்பூரத்துக்குப் பக்கத்தில வைச்சது நீ. அதைச் சொன்னனியோ?"

"உனக்கு மணம் தாங்க ஏலேல்லை எண்டு சொன்னனான். வைச்சது நான்தான். பிழைதான்."

"அப்ப வாறன்" என்றான்.

விசாரணை நாளில் கோட் போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கந்தோருக்கு வந்தான். பெர்னடெற்றும் ஒரு நாள் லீவு எடுத்து, கூறைப்பட்டுக்கு அடுத்தபடியான சேலையைக் கட்டிக்கொண்டு, எங்கள் இருவருக்கும் நடுவில் போய் இருந்தாள். பெரிய அதிகாரி ஒருவர் யோகேஸ்வரனிடம் விசாரித்தார். ஆறு வருடம் தினமும் சண்டை, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டதில்லை, ஆனாலும் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துத் தந்தவன் இவன்தான் என்று அவன் விளக்கினான். அது எங்களுக்குச் சாதகமான சாட்சியா என்று அதிகாரி கொஞ்சம் யோசித்தார். கடை என்ற சொல்லை அவன் கடைசியில்தான் சொன்னான். சொன்னதும் எல்லாம் வெளித்தது. எனக்குத் தண்ணீர் தந்த அந்தப் பிள்ளை மூலையில் இருந்து சிவந்துபோனாள். பாவம், அவள் மேல் ஒரு பிழையும் இல்லை என்று நான் எழுந்து சொன்னேன். வேண்டுமென்று செய்ததல்ல என்று ஏற்றுக்கொண்டார்கள். வழக்கில்லை. தனி ஆள் என்று தந்த காசைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்ட வேண்டும்.

பிறகு அதிகாரி பெர்னடெற்றைப் பார்த்து, நீங்கள் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள் என்றார். இருபத்தாறு என்றாள். பெண்சாதியோ புருசனோ இருபத்துநான்கு மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் மற்றவருக்கு இந்தக் காசு கிடையாது, அவரைப் பார்க்க இவர் இருக்கிறார் என்றுதான் கணக்கு என்றார். அதாவது அக்கா, நான் முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தாலும் ஒரு சதமும் வந்திராது. எனக்கு முகம் விழுந்துபோனது. பெர்னடெற் மட்டும் அதை இன்னொரு முறை சொல்லும்படி அதிகாரியிடம் கேட்டாள். அவர் சொன்னார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது என் கோட்டுக் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, "கேட்டனீங்களே, உங்களைப் பாக்கிறது நான்தானாம்" என்றாள். அதோடு கோபம் போய்விட்டது.

இப்போது அவள் வேலைக்குப் போகிறாள், நான் சமைக்கிறேன். சோறு சோறாகவே வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் யோகேஸ்வரன் ரயில் ஏறி வருகிறான். அவனுக்குத் தனிச் சட்டியில் மரக்கறி. நாங்கள் மூன்று பேரும் பழைய கதை பேசிச் சண்டை பிடிக்கிறோம். வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஐம்பத்தாறு வயதுக்காரனை யாரும் அவசரமாகக் கூப்பிடுவதாக இல்லை. சட்டம் இடம் தராததால் பெனிபிட் இல்லை, அவ்வளவுதான். மனக்குறை ஒன்றுமில்லை.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மாதாவின் கண் உங்கள் வாசலை விட்டு விலகாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தச் சட்டப்படி பார்த்தாலும் மனைவியோடு வாழும் உங்கள் தம்பி,
பஸ்தியாம்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டி வைத்த பிறகு மறுபடி பிரிக்கிறேன். முதியோர் இல்லத்தில் செலவைக் குறைக்கிறார்களாம், பெர்னடெற்றின் நேரத்தை இருபதாக வெட்டிவிட்டார்கள். ஆகவே மேலே சட்டத்தைப் பற்றி எழுதியது எல்லாம் பிழை. சட்டம் இப்போது எனக்கு இடம் தருகிறது. காலையில் சவரம் செய்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் புறப்பட்டேன். பெர்னடெற் வாசலில் நின்றாள். பங்குச் சுவாமியாரின் வீட்டில் துணி தோய்க்கக் கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் தருகிறார்களாம், இவள் நேற்றே ஓம் என்று சொல்லிவிட்டாளாம். ஐந்து வேண்டாம், இருபத்தைந்தாகிவிடும், மூன்று செய்தால் இருபத்துமூன்றுதான், எனக்குக் காசு வரும் என்று விரலை மடக்கிக் கணக்குக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள்.

"காசு வந்தால் நீங்கள் அடுப்படியை விட்டு வெளிக்கிட்டிடுவியள். சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றாள்.