இல்வாவின் ஆய்வேட்டுக்கு ஓர் ஆணி

தீவு நகரமான விஸ்பியில் கடற்காற்றோடும் மூட்டுவலியோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய குன்வோர் அக்காவுக்கு, எல்வ்நேஸிலிருந்து தம்பி ஹில்டிங் பணிவன்புடன் எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலமும், உன் பூனையின் நலமும், துணி துவைக்கும் அறைக்காக மாடிவீட்டுக்காரனோடு நீ போடும் சண்டையின் நலமும் அறிய ஆவல்.

அக்கா, என் மகள், உன் மருமகள் இல்வா டாக்டர் ஆகப்போகிறாள். ஊசி போடும் டாக்டர் அல்ல, புத்தகம் எழுதும் டாக்டர். புத்தகத்தை எழுதிவிட்டால் போதாது என்பது உனக்கும் தெரியும். அதை சபையில் நின்று வாதாட வேண்டும், வாதாடும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே அதை எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லூரியில் ஆணி அடித்து மாட்ட வேண்டும், போகிற வருகிற எவனும் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்க வரலாம். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் ஆணி இறங்கவில்லை என்றால் வாதம் இலையுதிர் காலத்துக்குப் போய்விடும், ஹெர்னோசாந்தில் அவளுக்காகக் காத்திருக்கும் நிரந்தர வேலை வேறு யாருக்கோ போய்விடும். நான் ஆயுள் முழுக்க ஓட்டுநர் தேர்வு நடத்தியவன். கண்ணாடி பார்க்காமல் வண்டியைத் திருப்பியவர்களை ஃபெயில் ஆக்கியதைத் தவிர எனக்கு வேறு கல்வி கிடையாது. இத்தனை வருஷமாக அவள் என்ன படிக்கிறாள் என்று எனக்கு மண்டையில் ஏறவேயில்லை. தலைப்பு மட்டும் தெரியும்: ‘அரசு அலுவலகக் கூட்டங்களில் முடிவுகள் ஏன் எடுக்கப்படுவதில்லை’. ஆனால் ஆணி எனக்குப் புரியும். “ஆணிய நீங்கதான்ப்பா அடிக்கணும்”னு அவள் சொன்ன அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சுத்தியலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்தேன்.

அங்கேதான் ஏழரை ஆரம்பித்தது. நம் கல்லூரி பல்கலைக்கழகமாக உயர ஆசைப்பட்டுப் புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது அல்லவா, அது முழுக்கக் கண்ணாடியும் கான்கிரீட்டும், ஓர் ஊசி குத்தக்கூட இடமில்லை. பழைய கட்டடத்தில் இருந்த மரப்பலகை எங்கே என்று கேட்டால், அதைச் சூட்டடுப்பில் போட்டாயிற்றாம். எங்கே அடிப்பது என்று முடிவு செய்ய ஒரு குழு, குழு கூடினால் காப்பி, காப்பிக்கு இலவங்கப்பட்டை பன், பன் தீர்ந்தால் கூட்டம் ஒத்திவைப்பு. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை எதுவும் நடக்காது, நம்ம ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. கட்டடம் வரைந்தவர் ஓட்டை போட்டால் வழக்குப் போடுவேன் என்கிறார். வனத்துறைப் பேராசிரியர் பிர்ச் மரக் கட்டை ஒன்று கொண்டுவரட்டுமா என்றார். பைன்தான் இந்தப் பகுதியின் மரம் என்று வரலாற்றுத் துறை கொதித்தது. கல்லூரி முதல்வர் பெர்டில் நல்ல மனுஷன், யாரையும் நோகடிக்கமாட்டார், அதனால்தான் எதுவும் நடப்பதில்லை. ஆணி அடிப்பவன் என்பதால் என்னையும் அழைத்திருந்த கூட்டத்தில் அவர் என்னிடம் வந்து, “ஹில்டிங், கோவிச்சுக்காதீங்க, ஆணிக்குப் பதிலா காந்தம் வச்சு ஒட்டிட்டா என்ன?” என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! “ஏன்யா, என் பொண்ணு எழுதுனது ஆய்வேடா, இல்ல ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற மளிகைச் சீட்டா?” என்று கத்திவிட்டேன். நம்ம ஊரில் கூட்டத்தில் கத்தியவனைப் பார்த்திருக்கிறாயா? உடனே, கத்தியது பற்றிப் பேச இன்னொரு கூட்டம் போட்டார்கள். இல்வா மூலையில் உட்கார்ந்து, “ஐயோ, புத்தகம் அச்சாயிடுச்சே, இதெல்லாம் உள்ள சேர்க்க முடியாமப் போச்சே”னு தலையில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் நேற்று, வியாழக்கிழமை, பாதி பிர்ச்சும் பாதி பைனுமாக ஒட்டிய ஒரு கட்டையைக் கூடத்தில் நிறுத்தினார்கள். பாதாம் மாவில் செய்த பச்சை மார்சிபான் போர்த்திய கேக் வந்தது, எல்லோரும் அதைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பணிப் பாதுகாப்பு அதிகாரி பிர்கித்தா ஓடிவந்து என் தலையில் ஹெல்மெட்டை வைத்து, காதை அடைத்து, “மூக்குக்கண்ணாடியக் கழட்டுங்க, அதுக்கு மேல இது நிக்காது”னு நீச்சல்காரன் கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டிவிட்டாள். பெர்டில் கையில், கல்லூரியைப் பல்கலைக்கழகமாக்கக் கோரி அமைச்சகத்துக்கு எழுதிய மனு. அன்று மாலை ரயிலில் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார். கேக் வெட்டுவதற்காக அதை மேஜையில் வைத்தார். நான் மேஜையிலிருந்து இல்வாவின் நீலப் புத்தகத்தை எடுத்துக் கட்டையில் வைத்து, ஒரே மூச்சில் அடித்தேன் அக்கா, அரை அடி ஆணி முழுசாக இறங்கியது! துறைத்தலைவர் முத்திரை குத்தினார், அத்தனை பேரும் கைதட்டினார்கள். நான் ஹெல்மெட்டுக்குள் அழுதுவிட்டேன்.

ஆகவே இருபத்தோராம் தேதி தவறாமல் வந்து சேர். கப்பலில் சாப்பிடாதே, வீட்டில் ஹெரிங் மீன் ஊறுகிறது. உனக்கும் பூனைக்கும் நீண்ட ஆயுளும் சூடான அடுப்பும் வாய்க்கட்டும். மாடிவீட்டுக்காரனுக்கு மட்டும் வாய்க்க வேண்டாம்.

என்றும் உன் தம்பி,
ஹில்டிங்

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் கோட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். நல்லதாயிற்று. இன்று சனிக்கிழமை. நான் ஆணி அடித்தது இல்வாவின் புத்தகம் இல்லையாம். கல்லூரி அச்சகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே நீல அட்டைதான் போடவேண்டும் என்று முன்பொரு கூட்டத்தில், அதிசயமாக, முடிவெடுத்திருக்கிறார்கள். கட்டையில் தொங்குவது பெர்டிலின் மனு. பெர்டில் ஸ்டாக்ஹோம் போய், நேற்றுக் காலை அமைச்சகத்தில் பவ்யமாக நீட்டியது, முடிவுகள் ஏன் எடுக்கப்படுவதில்லை என்ற புத்தகம். ‘இதுவே எங்கள் கல்லூரியின் முழுமையான நிலைப்பாடு’ என்று மேலே ஒரு கடிதம் வேறு. எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளிக்கிழமை நண்பகல் தாண்டிவிட்டதே, பிள்ளையின் வேலையை நானே கெடுத்துவிட்டேனே என்று இல்வாவிடம் போனில் விசும்பினேன். அவள், “அப்பா, அழாதீங்க. அரசாங்க அலுவலகத்துல ஒரு காகிதம் போய்ச் சேர்ந்தா அத யார் வேணா கேட்டு வாங்கிப் படிக்கலாம். நேத்து காலைலயே பதிவாயிடுச்சு. ஊருக்குப் பொதுவாயிடுச்சுன்னு கல்லூரி வக்கீலே எழுதிக் கொடுத்துட்டாரு, என் தேதி அப்படியே இருக்கு. பெர்டில்தான் பாவம், முத்திரையோட ஆணி அடிச்ச எதையும் சபைல வாதாடியே ஆகணும்னு நம்ம விதி. அதே நாள் மத்தியானம் அவரு முறை. எதிர்க்கேள்வி கேக்க என்னையே கூப்பிட்டிருக்காங்க” என்றாள்.

அதாவது, என் ஆணிக்கும் அவள் பட்டத்துக்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. இத்தனை வருஷத்தில் என்னால் முடிந்த ஒரே காரியம், அதுவும் எவனோ ஒருவன் மனுவுக்குப் போயிற்றே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதற்கு இல்வா, “என்கிட்ட இன்னும் ஒரு பிரதி இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கல்லூரியில ஆளிருக்காது. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாங்கப்பா” என்றாள். குழு சம்மதிக்குமா என்று கேட்டேன். “யாருப்பா கேக்கப் போறா?” என்றாள்.