பல்லி நடத்திய ஊர்க்கூட்டம்

மலைக்குக் கீழே ஜில்லா போர்டு எலெக்‌ஷனுக்காக ஆளுக்கு ஆள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வருஷம் அது. கொல்லிமலைமேல், ஆலத்தூர் நாட்டின் அந்தச் சிற்றூரில் மட்டும் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். ஊர்க் காரியம் அத்தனையையும் ஒரு பல்லி பார்த்துக்கொண்டது.

சிரிக்காதீர்கள். உங்கள் ஊர்க் காரியத்தை யார் பார்க்கிறார்கள் என்று நானும் கேட்கலாம்.

கூட்ட நாளில் கோயில் முன்னால் நிற்க இடம் கிடைக்காது. மாடு தொலைத்தவன், மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவன், பங்காளியோடு வேலித் தகராறு உள்ளவன் எல்லோரும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்துவிடுவார்கள். கையில் பலாப்பழம், வாழைத்தார், தேன், காலைக் கட்டிய சேவல். பல்லி இதையெல்லாம் தின்னுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பூசாரி வேலப்பன் தின்றார்.

வேலப்பன் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து மலையேறி வந்தவர். நெஞ்சு வரை தாடி. வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கவேண்டிய மீசை. வந்த புதிதில் இந்த ஊரின் ஒரு வழக்கத்தைக் கவனித்துக்கொண்டார். கூட்டத்தில் பேசி ஒரு முடிவு சொல்லும்போது கோயில் கூரையில் பல்லி சொன்னால், "சாமியே ஆமாங்குது" என்று சந்தோஷமாக எழுந்து போவார்கள். சொல்லாவிட்டாலும் எழுந்து போவார்கள். வேலப்பன் அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்தார். பல்லி சொன்னால்தான் முடிவு என்றார்.

முன்பெல்லாம் அங்கே கூட்டம் என்றால் சத்தம் காது கிழியும். பெண்கள் ஓரமாக நின்றபடியே ஆண்களை மடக்குவார்கள். ஊற்றைத் தூர்வார வேண்டும் என்று முடிவானால், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து நிற்பான். இப்போது மூச்சுச் சத்தம்கூடக் கூடாது. பல்லி மிரண்டுவிடுமாம்.

மழையில் கீழிறங்கும் பாதை அறுத்துக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து சரிசெய்யலாமா என்று கேட்டார் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி. பல்லி வாயைத் திறக்கவில்லை. வேலப்பன் வீடும் ஒரு வீடு என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. பூசாரிக்கு வீட்டுக்கு ஒரு சேவல் தரலாமா என்று கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் மூன்று தரம் சொல்லிவிட்டது.

சேவலோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஊற்றோரமாகப் பாவாயிக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. புருஷன் செத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அதுதான். கொஞ்சம் சாமை, கொஞ்சம் தினை, மிளகுக் கொடி ஏறிய ஒரு பலாமரம். அந்த நிலம் தனக்கு வேண்டும் என்று சாமி பூசாரியின் கனவில் வந்து கேட்டுவிட்டதாம். உலகத்தையே படைத்த சாமிக்கு அந்தத் துண்டு நிலம் மட்டும் எப்படியோ குறைந்துபோயிற்று. அடுத்த கூட்டத்தில் பல்லியைக் கேட்பது என்று ஏற்பாடு.

பாவாயி கவுண்டர் வீட்டுக்கு நடந்தாள்.

"ஏனுங்க கவுண்டரே, ஊரு பேசி எடுத்தாக் குடுத்துட்டுப் போறனுங்க. பல்லி பேச்சைக் கேட்டு எடுத்தா நான் எங்கீங்க போவேன்? கீழ போயிக் கூலிக்குக் கல்லு சொமக்கட்டுமா?"

"நான் என்ன பண்ணட்டும் பாவாயி? சாமி வாக்காச்சே."

"அந்தப் பல்லி எப்பப் பேசுதுன்னு பாத்திருக்கீங்களா? பூசாரி வெத்தலை மெல்லறப்ப அது ஒருநாளும் பேசறதில்லீங்க. அவரு துப்பினப்புறந்தான் பேசுது."

அர்த்தனாரி யோசித்தார். "பல்லிக்கு வெத்தலை வாசம் ஆகாதோ என்னமோ" என்றார். பாவாயிக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

கூட்ட நாள் வந்தது. வேலப்பன் கூரை நிழலில் கண்ணை மூடி உட்கார்ந்தார். பாவாயி ஒரு சட்டியோடு முன்னால் வந்தாள். அதில் தேன் விட்டுப் பிசைந்த தினை மாவு.

"நெலத்தைக் குடுக்கறவ வாயினிக்கக் குடுக்கணுமுங்க. சாமி, வாயத் தொறங்க."

ஊரே பார்க்கிறது. தேன் வாசம் வேறு. வேலப்பன் திறந்தார். பாவாயி கைகொள்ளாத உருண்டையை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"இப்பக் கேளுங்க கவுண்டரே."

"பாவாயி நெலம் சாமிக்கு வேணுமா?" என்று கேட்டார் அர்த்தனாரி.

கூரை பேசவில்லை. வேலப்பன் கையை ஆட்டி, கொஞ்சம் பொறு என்று ஜாடை காட்டினார்.

"உங்களுக்கென்ன அவசரம் சாமி? பேசப்போறது பல்லிதானுங்களே! நீங்க மெள்ள மெல்லுங்க" என்றாள் பாவாயி. "கவுண்டரே, இன்னொருக்காக் கேளுங்க."

அர்த்தனாரி கேட்டார். வேலப்பனுக்குத் தேன் மாவு அண்ணத்தில் அப்பிக்கொண்டு நாக்கு அசையவில்லை. இருந்தாலும் துணிந்து ஒரு தரம் முயன்றார். "ப்ச்ச்" என்று ஒரு சத்தம் வந்தது. கூடவே மாவும் பறந்து வந்து கவுண்டர் தலைப்பாகையில் ஒட்டிக்கொண்டது.

"அடி ஆத்தாடி! பல்லி தினை மாவு திங்குது!" என்று கத்தினாள் ஓரத்தில் நின்ற கண்ணாயி.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கட்டியிருந்த சேவல்கள் அலறின. வேலப்பன் ஒருவழியாக விழுங்கிவிட்டு எழுந்தார். "சாமி குத்தம்! கண்ணு போயிரும்!"

அர்த்தனாரி தலைப்பாகையை அவிழ்த்து மாவைத் தட்டினார். ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து நீட்டினார். "இதை வாயில வெச்சுக்கிட்டு உக்காருங்க. அப்பவும் பல்லி சொன்னா, பாவாயி நெலத்தோட என் நெலத்தையும் எடுத்துக்கங்க."

வேலப்பன் சொம்பைத் தொடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழிறங்கும் பாதையில் வேகமாக நடந்தார். பல்லி சரிசெய்யவிடாத பாதை அல்லவா? அறுந்த இடத்தில் தாடிவரை சேற்றில் இறங்கினார். தூக்கிவிடவும் அந்த ஊர்க்காரர்களே போகவேண்டியிருந்தது.

பிறகு கூட்டம் நடந்தது. இத்தனை நாள் அடக்கிவைத்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்தது. பாவாயி நிலம் பாவாயிக்கே. பாதை வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆள். அதை அர்த்தனாரி சொல்லி முடிக்கும்போது, கூரையில் நிஜமான பல்லி ஒன்று சொன்னது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

"அது பூச்சி புடிக்குதுங்க" என்றாள் பாவாயி. "நீங்க பேசுங்க."

ஐயா, அம்மா, உங்கள் ஊர்க் கூட்டத்திலும் பதில் மேலேயிருந்து வருகிறதா? கும்பிடுவதற்கு முன்னால் கீழே உட்கார்ந்திருப்பவர் வாயில் ஒரு உருண்டை மாவை வைத்துப் பாருங்கள். மாவு இல்லையென்றால் உங்கள் வாயையாவது திறந்து கேளுங்கள். அதைத் திறக்கப் பல்லியிடம் உத்தரவு வாங்க வேண்டாம்.