கதவைக் கழற்றிய தகப்பன்

மகளின் அறைக் கதவைக் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதுவும் ஞாயிற்றுக்கிழமை, காபிக்கு முன்னால்.

நான் தச்சன். ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு மாட்டியவன். என் வீட்டுக் கதவைக் கழற்ற நான் யாரைக் கேட்க வேண்டும்? மனைவியைத்தான். அதனால் அவள் குளிக்கப் போகும்வரை காத்திருந்தேன்.

இந்தக் கவலையை எனக்குள் விதைத்தவளும் அவள்தான். வியாழக்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"பொண்ணுக்குப் பதினஞ்சு வயசாச்சு. எப்பப் பாரு கதவைச் சாத்திக்கிறா. நீங்க கவனிக்கலையா?"

"அந்தக் கதவுதான் முழுசாச் சாத்த வராதே. தரையில உரசும்."

"அதை ஒரு வருஷமா நான் சொல்றேன். இப்ப அதுவா முக்கியம்? உள்ள என்ன நினைக்கிறாளோ, ஏது நினைக்கிறாளோ."

சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக இருந்தாள். தூக்கம் போனது எனக்கு. நாங்கள் ஒன்பது பேர் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். கதவு என்றால் வாசலுக்கு மட்டும். ஒருத்தர் அழுதால் எட்டுப் பேருக்குத் தெரியும். இவளோ பள்ளிக்கூடம் விட்டு வருவாள், "ம்" என்பாள், கதவைச் சாத்துவாள். போன வருஷம்வரை வகுப்பில் யாருடைய பென்சில் தொலைந்தது என்பதைக்கூட என்னிடம் ஓடிவந்து சொன்ன பெண். இனி ஒன்றுமே சொல்லமாட்டாளோ என்று பயந்தேன். நிஜமாகவே பயந்தேன்.

கீலைக் கழற்றும்போது மகள் வந்து நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கதவு உப்பிடுச்சும்மா. பட்டறைக்குக் கொண்டுபோய் இழைக்கணும்."

"என் ஃப்ரெண்ட்ஸ் வீட்டுல எல்லாம் அப்பா தட்டிட்டுதான் உள்ள வருவாங்க."

"நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் கிடையாது."

"இப்ப தட்டக் கதவும் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளித்து வந்த மனைவிக்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகளின் புத்தகங்களை அள்ளி எங்கள் அறைக்குக் கொண்டுபோனாள்.

"படிக்கிற பிள்ளைக்குக் கதவு வேணும். அவ என்கூட இருக்கட்டும். கதவு வர்ற வரைக்கும் நீங்க அவ ரூம்ல படுத்துக்குங்க."

மூன்று நாள். நான் சட்டை மாற்றினாலும் பார்வையாளர்கள் இருந்தார்கள்.

"என்னப்பா பண்றீங்க?"

"சும்மாம்மா."

"என்னங்க யோசனை?"

"ம்."

அந்த "ம்" என் வாயிலிருந்துதான் வந்தது. எங்கள் அறைக் கதவோ சாத்தியே கிடந்தது. உள்ளே இருவரும் சிரித்தார்கள். என்னைப் பற்றியோ என்று கவலை. என்னைப் பற்றி இல்லையோ என்று அதைவிடக் கவலை.

புதன்கிழமை கதவைத் தோளில் சுமந்து வந்தேன். பொய்க்குச் சொன்ன வேலைதான். ஆனால் உரசுகிற கதவை இரண்டாம் முறை மாட்ட என் கை சம்மதிக்காது. அடியை இழைத்து, கீலை மாற்றி, தாழ்ப்பாளுக்கு எண்ணெயும் விட்டிருந்தேன்.

மகள் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"சூப்பர்ப்பா. இனிமே தட்டிட்டு வாங்க. எல்லாம் நானே சொல்றேன்."

தட்டுவதாக வாக்குக் கொடுத்தேன். வெளியே வந்து கருவிப் பையைக் கட்டக் குனிந்தபோது, அறைக்குள் மனைவியின் குரல் கேட்டது.

"பார்த்தியா? கதவைச் சரி பண்ணுங்கன்னு ஒரு வருஷம் சொன்னேன், நடக்கல. கவலைப்பட வச்சேன், ஒரே வாரத்துல முடிஞ்சுது. அடுத்தது சமையலறை அலமாரி. அதுக்கு உங்கப்பாவை எப்படிப் பயமுறுத்தலாம்னா..."

கதவு சாத்திக்கொண்டது. அதற்குமேல் ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. என் வேலை அப்படி.