டெல்டா சாருக்கு ஆகாத இட்லி

தேங்கிய இட்லியைப் பார்த்துப் பயந்த ஒரே மனிதர், பெரம்பலூரிலேயே எங்கள் டெல்டா சார்தான்.

கல்லூரியில் உயிர்வேதியியல் வாத்தியார். கட்டற்ற ஆற்றல் கூடுவதையும் குறைவதையும் காட்டப் பலகை நிறைய ‘டெல்டா’ என்கிற முக்கோணக் குறி போடுவாராம். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர். என் மெஸ்ஸில் பூரிதான் சாப்பிடுவார். ஆனால் இட்லித் தட்டு நிறைந்துவிட்டால் பாம்பைக் கண்டவர் போல எழுந்துவிடுவார்.

“அக்கா, தேங்குது! யாருக்காவது போடுங்க!”

“ஆள் வந்தாத்தான சார் போட முடியும்?”

ஒருநாள் செட்டிகுளத்துக்காரர் ஒருவர் சாப்பிட்டு மூடிய இலையைத் திறந்து, அதில் சாரே இரண்டு இட்லி வைத்துவிட்டார். அந்த மனிதர் கையை ஓங்கினார். ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டே சார் பாடம் நடத்தினார்.

“உடம்புக்குள்ள சில மாற்றம் மேட்டுல ஏத்துற வண்டிங்க. ரெண்டு பக்கமும் சரக்கு சமமா இருந்தா பின்னாலதான் உருளும். ஆனா உண்டாகுறதை அடுத்தவன் அப்பப்ப எடுத்துட்டா மேடே பள்ளமாயிடும், வண்டி தானா ஓடும்! தேங்கித் தேங்கி எல்லாம் சமநிலைக்கு வந்துட்டா உயிர் போச்சுன்னு அர்த்தம்.”

“சரி, சட்னியாவது ஊத்துங்க” என்று செட்டிகுளத்துக்காரர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் திருமானூர் பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். மெஸ்ஸைப் பூட்டினேன். படுத்த பாயை விட்டு எழவே மனமில்லை. கடையையே கொடுத்துவிடலாம் என்றிருந்தபோது, சார் தூக்குவாளியோடு வாசலில் நின்றார்.

“பத்து இட்லி, அக்கா.”

“கடை இல்லீங்க சார்.”

“பத்தே பத்து. நாளைக்கும் வருவேன்.”

வந்தார். தினமும் வந்தார். பத்து, இருபதானது. ஒண்டி ஆள், வயிறா குடோனா என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். ஆனாலும் அவருக்காக அடுப்பு எரிந்தது. புகையைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்.

இந்தத் தை மாதம் சாரும் போய்விட்டார். சொந்த ஊரென்று அரியலூருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர் ஒருவர் வாளியோடு வந்தார்.

“சார் தினம் கொண்டாந்து எங்களுக்குக் கொடுப்பாரு, அக்கா. இனிமே நாங்களே வந்து வாங்கிக்கிறோம்.”

“அவரு சாப்புட மாட்டாரா?”

“அவருக்குத்தான் இட்லின்னாலே ஆகாதே, தெரியாதா?”

தெரிந்திருக்க வேண்டும். பூரியைத் தவிர வேறெதையும் அவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுப்பைப் பற்றவைத்தேன். முதல் ஈடு வெந்ததும் வாளிக்குப் போனது.

ஒன்றுகூடத் தேங்கவில்லை, சார்.