மேட்டுக்கு ஏறாத தெரு

காலையில் வெள்ள ஒத்திகைக்குச் சைரன் ஊதி ஓய்ந்தும் மேட்டுப் பக்கம் ஒரு ஈ காக்கைகூட ஏறவில்லை. மாறாக, மில்லில் ரிட்டயரான கிழவர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் கிளம்பினார்கள்.

"எங்க போறீய பெரியப்பா?" மாடக்கண்ணுவின் சைக்கிளை மறித்தாள் ஹெப்சிபா.

"சங்கு ஊதிட்டுல்லா? ஷிப்டுக்கு நேரமாச்சும்மா."

"நீங்க ரிட்டயராயி எம்புட்டு காலமாச்சு!"

"அது எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரிய மாட்டேங்கு."

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே காது எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது, அதுதான் வினை. விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கு ஊதினால் ஆண்கள் வேலைக்குப் போவார்கள், பெண்கள் உலை வைப்பார்கள். வெள்ளத்துக்கு ஓடுவது இவர்களுக்குப் பழக்கமில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வருடப் பேரிடர் தொண்டுக்கு வந்தவள் ஹெப்சிபா. அவளிடம் ஒப்படைத்தது தாமிரபரணியை ஒட்டிய இந்தத் தெருவைத்தான். போன வெள்ளத்தில் ஜன்னல் வரை தண்ணீர் நின்ற தெரு. அவள் வந்தபின்தான் ஓடையே தூர்வாரப்பட்டது. அதற்காக ஆபீஸ் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தாள். போனை எடுக்காத அதிகாரியை அவர் வீட்டு வாசலிலேயே போய்ப் பிடித்தாள். எல்லாம் முடித்தும் ஒரு பயம் அவளைத் தின்றது. அடுத்த மழைக்குள் இந்தச் சனங்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறப் பழக்காவிட்டால், யாரையாவது ஆறு கொண்டுபோய்விடும்.

பயிற்சியைப் பார்வையிடப் பேரிடர் அலுவலகத்திலிருந்து வந்த தாணுமாலையன் குடையை ஊன்றிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படிச் சொன்னார்: "இந்தத் தெரு தேறிட்டா நாளைக்கே ஒனக்கு விடுதலை, ஊருக்குப் போயிரலாம். தேறலைன்னா இன்னும் ஒரு வருசம் நீ இங்கனதான் கெடக்கணும்."

"தேற வைக்கேன் சார்!" என்று கோயில் மணியடிக்க ஓடினாள். கோயில் என்றால் வேதக்கோயில், சர்ச். கயிறு பழசு, மணி நின்று நின்று அடித்தது.

அது சாவு மணியாகிவிட்டது. தெருவே மாலையும் கையுமாக ஆற்றோரத்துக் கடைசி வீட்டுக்கு, அதாவது இருப்பதிலேயே பள்ளமான இடத்துக்கு, இறங்கியது. அங்கேதான் ஞானையா படுத்த படுக்கையாகக் கிடந்தார். இவ்வளவு சீக்கிரத்தில் மாலை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க ஹெப்சிபாவுக்கு நேரமில்லை.

"யாருலே போயிட்டா?" என்று எழுந்து உட்கார்ந்த ஞானையாவின் கழுத்தில் மாலை விழுந்தது.

"நீருதான்னு நெனச்சோம் வே!" என்றார் மாடக்கண்ணு.

ஹெப்சிபா பல்லைக் கடித்தாள். அம்மன் கோயில் மேளக்காரரைக் கூட்டிவந்து கொட்டச் சொன்னாள். மேளச் சத்தத்துக்குச் சனம் வந்தது. கூடவே அதே தெருச் சந்தனமாரிக்குச் சாமியும் வந்தது.

"தண்ணி வராது! நான் காவலிருக்கேன்! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!" என்று தலையை விரித்து ஆடினாள் சந்தனமாரி.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கலைந்தது. ஹெப்சிபா இடுப்பில் கைவைத்துச் சாமிக்கு நேரே போய் நின்றாள்.

"போன வெள்ளத்துல நீ எங்க போயிருந்த?"

சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. "அப்ப என்னை யாரும் கூப்புடல."

தாணுமாலையன் குடையை மடக்கினார். "இந்தத் தெரு தேறாது. இன்னொரு வருசம் இரு. அப்பவும் இதே லட்சணந்தான்."

ஹெப்சிபாவுக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக வீம்பு வந்தது.

"ஒரு வருசம் இல்ல சார், ஒம்பது வருசம் ஆவட்டும்! இந்தத் தெருவுல ஒரு உசுரக்கூட ஆத்துக்குக் குடுக்க மாட்டேன். கழுத்தப் புடிச்சுத் தள்ளியாவது மேட்டுல ஏத்துவேன்!"

அவர் ஜீப் ஏறிப் போனார். சாயங்காலம் மலைப்பக்கம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. அவள் அறைக்குத் திரும்பியதும் போன் வந்தது: அணையைத் திறக்கப்போகிறார்கள். ஓடிப்போய் சைரனை அழுத்தினாள். கரண்ட் இல்லை. நனைந்தபடியே தெருவுக்கு ஓடி ஒவ்வொரு கதவாக இடித்தாள்.

எல்லா வீட்டிலும் பூட்டு தொங்கியது. தொழுவத்தில் மாடுகள் இல்லை. ஓட்டமாய்ப் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறினாள்.

தெரு முழுக்க அங்கே இருந்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே ரேஷன் கார்டும் பட்டாவும் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக இருந்தன. மாடக்கண்ணு சைக்கிளில் குடிதண்ணீர் கொண்டுவந்திருந்தார். சந்தனமாரி தலையை அள்ளி முடிந்து வீடு வீடாக ஆளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில், கட்டிலோடு தூக்கிவரப்பட்ட ஞானையா, கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

ஹெப்சிபா கட்டிலருகே போய் நின்றாள். "இதக் காலையில செஞ்சிருக்கக் கூடாதா தாத்தா?"

ஞானையா அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, ஜீப் இல்லையென்று உறுதி செய்துகொண்டு சொன்னார்:

"காலையிலயே தேறியிருந்தா, எங்களுக்காவ ஆபீஸ் வாசல்ல சண்டை போட நாளைக்கு ஆளுக்கு எங்கம்மா போவோம்?"