மணி அடிக்காத டெலிபிரிண்டர்

அரைகுறையாகத் தொழில் கற்றவன் கையில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுக்கக் கூடாது. நாசரேத்தில் உட்கார்ந்து தபாலில் ரேடியோ ரிப்பேர் படித்த என்னிடம் கொடுத்தார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் நான் தற்காலிக ஆபரேட்டர். சென்னைத் தலைமை ஆபீஸில் தட்டினால் இங்கே தானாக அச்சடிக்கும் டெலிபிரிண்டர் பழுதாகிக் கிடந்தது. பரணில் அதே கம்பெனியின் இன்னொரு பழைய மெஷின்.

"ரெண்டையும் கழட்டி ஒண்ணாக்கிருதேன், சார்" என்றேன். (என் வாய் மட்டும் ஒருநாளும் ரிப்பேர் ஆனதில்லை.) சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர் துரைராஜ்.

ஜெபம் செய்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். எழுத்துகள் முத்து முத்தாக விழுந்தன.

சென்னை அவசரமாகக் கூப்பிட்டால் மெஷினில் மணி அடிக்கும். மேனேஜர் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். தலைமை ஆபீஸுக்கு முன்னால் கோட்டில்லாமல் நிற்க அவருடைய மிஷன் பள்ளி வளர்ப்பு இடம் தராது. அன்று ஒரு சாதாரணக் கடிதத்துக்குப் பதினோரு முறை மணி அடித்தது. அந்த வெயிலில் பதினோரு முறையும் கோட்டோடு வந்தார்.

"ஏலே, என்னத்துக்குக் கூப்பிடுதான்?"

"டெஸ்ட் பண்ணுதாங்க போல, சார்" என்று புளுகினேன்.

மறுநாள் மணிச் சத்தமே இல்லை. நிம்மதியாகச் சாப்பிட்டுத் திரும்பினால், வாசலில், நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் தோணித் தலைவர் சூசை கத்திக்கொண்டிருந்தார். "கப்பல் நங்கூரம் போட்டு மூணு மணி நேரமாச்சு! உப்பு ஏத்துன தோணியோட நாங்க கெடக்கோம். தகவல் சொல்ல நாதியில்ல. இங்கன எல்லாரும் மணியாட்டிக்கிட்டா இருக்கிய?"

மெஷினுக்குப் பின்னால் தாள் சுருண்டு கிடந்தது. 'கப்பல் இன்றே வருகிறது' என்ற அவசரச் செய்தி. அதன் தலையில், மணி அடித்திருக்க வேண்டிய இடத்தில், வரிசையாக அப்பாஸ்ட்ரபிக் (') குறிகள்! அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மெஷின் இங்கிலாந்துக்குச் செய்தது, மற்றது அமெரிக்காவுக்கு. எழுத்தெல்லாம் ஒன்றுதான், மணியும் அந்தக் குறியும் மட்டும் இடம் மாறியிருந்தன. முந்தின நாள் கடிதத்தில் இருந்த குறிகள்தான் பதினோரு முறை மணியாக அடித்திருக்கின்றன.

மேனேஜர் கத்தவில்லை. "ஏலே, ரெண்டு வீட்டுப் பிள்ளையளச் சேத்து வைக்க எத்தன விசாரிக்கோம்? நீ கம்பெனி பேர மட்டும் பாத்துட்டுக் கட்டி வச்சிட்டியே!" என்றார். அழுதுவிட்டேன். மணிக்குரிய பாகத்தைப் பழையபடி மாற்றி மாட்டினேன். வேலை நிரந்தரமாக மேலும் ஒரு வருஷம் ஆயிற்று. வேறு மேனேஜர் என்றால் அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

அவர் சொன்னதை மனைவியிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த தப்பு. எங்கள் குடும்பத்தில் யாருக்கு வரன் பார்த்தாலும் என்னை மட்டும் அவள் அனுப்புவதில்லை. யாராவது கேட்டால் இப்படிச் சொல்வாள்:

"இவுக போனா, ரெண்டு பேருக்கும் ரெண்டு கண்ணு இருக்கு, பொருத்தம்தான்னு சொல்லிட்டு வந்துருவாக!"