கிளிக்கு வாங்கின காற்று மிஷின்

கலியன் பிரதீப்புக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷின் வாங்கின கடன். மிஷின் கலியனுக்கு இல்லை, அவன் கிளிக்கு.

கலியன் ராட்சசன். கதைகளில் வருகிற மாதிரியே உயிரைக் கிளிக்குள் வைத்திருப்பவன். ஏழு கடல் தாண்டி இருந்த அந்தக் கிளி இப்போது டெல்லி ஆர்.கே.புரத்தில், பிரதீப்பின் குவார்ட்டர்ஸ் பின்னறையில், கூண்டுக்குள் இருக்கிறது. கலியனுக்கு மண்டியில் மிளகாய் மூட்டை தூக்குகிற வேலை.

பிரதீப் பழைய ராஜகுமாரன். அந்தக் கிளியின் கழுத்தைத் திருக ஒரு காலத்தில் காடு காடாக அலைந்தவன். இப்போது குமாஸ்தா. கடன் கொடுத்துவிட்டதால் கிளி நன்றாக இருக்க வேண்டும் என்று தினம் கும்பிடுகிறான்.

தீபாவளிப் புகை டெல்லியை மூடியது. ஒரு காலை கிளி இருமியது.

"அரே, கலியா! உன் உயிர் இருமுதுய்யா!"

"மிஷின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு ராசா."

"இத்தனூண்டு ரூமு. மலை மாதிரி நீயும் உள்ள படுத்தா அதுக்கு ஏது காத்து? நீ செத்துட்டா என் காசு? வெளிய படு!"

கலியனுக்கு அது நியாயமாகப் பட்டது. இந்த உடம்பில்தான் உயிரே இல்லையே, இதற்கு என்ன வரப்போகிறது? ஸ்வெட்டரைக் கழற்றிக் கூண்டுக்குப் போர்த்தினான். ஜன்னலுக்கு வெளியே வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தான். நெஞ்சு கட்டியது, இருமினான். மூட்டை தூக்குகிறவனுக்கு இருமல் ஒரு விஷயமா?

விடிந்தால் கிளிக்கு இருமல் இரட்டிப்பு.

பிரதீப் மலை மந்திர் முருகன் கோவிலுக்கு ஓடி விபூதி வாங்கி வந்தான். "சாம்பிராணி போடு கலியா. திருஷ்டி கழியட்டும்."

கலியன் குனிந்து குனிந்து ஊதினான். புகை தொண்டையில் ஏறியது. குடல் வெளியே வருகிற மாதிரி இருமி முடித்து, "அப்பாடி" என்றான்.

கொஞ்ச நேரத்தில் கிளியும் குடல் வெளியே வருகிற மாதிரி இருமியது. "அப்பாடி" என்றது.

பிரதீப்புக்குக் கண் கலங்கிவிட்டது. "தாங்க முடியலைங்குதுய்யா! கலியா, நீயும் போயிட்டா பழங்கதை பேச எனக்கு யார் இருக்கா? கடனை விடு. ஒரு பைசா வேண்டாம், தள்ளிட்டேன். பொழைச்சுக்கோ, போதும்!"

"கண்ணைத் துடைங்க ராசா. எனக்கே அழுகை வருது."

பிரதீப் மாடி வீட்டு நர்ஸ் அன்னாவைக் கையோடு அழைத்து வந்தான். டியூட்டி முடிந்த தூக்கக் கண்ணோடு அவள் கூண்டுக்குள் பார்த்தாள். கிளி பச்சை மிளகாயைக் கொறித்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு சிஸ்டர்? சொல்லுங்க, தாங்கிக்கறோம்."

வாசலில் கலியன் இருமி, "அப்பாடி" என்று சுவரில் சாய்ந்தான். உள்ளே கிளி மிளகாயைக் கீழே வைத்தது. இருமியது. "அப்பாடி" என்றது.

அன்னா திரும்பிக் கலியனைப் பார்த்தாள்.

"மிஷினைக் கொண்டுபோய் இவரு தலைமாட்டுல வைங்க சார், கிளிக்கு இருமல் தானா நின்னுடும்."